இடப்பக்கம் திரும்பாத வண்டி

அக்டோபர் 5, சனி

காலையில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. தொட்டியை நிரப்பிவிட்டு, மணிக்குத் தலைக்கு வார்த்து, முடியை உலர்த்திப் பின்னிவிட்டேன். பின்னல் இப்போது எனக்கு நன்றாக வருகிறது.

மணி என் மனைவி, சாந்தாமணி. பிப்ரவரியில் அவளுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வலது கையும் பேச்சும் போயின. அதிலிருந்து வீட்டில் எல்லாம் நான்தான். பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது, ஆனால் நின்று நின்று வருகிறது. அவள் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்கும்போது நானே அதைச் சொல்லிவிடுவேன். அவளுக்குச் சிரமம் குறையும். கை இன்னும் பாதிதான்.

பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வரும் ஹெலன் இன்று அலமாரியில் இருந்த என் ராக் கிராலரைப் பார்த்துவிட்டாள். ரிமோட்டில் ஓடும் பாறை ஏறும் ஜீப். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. அதன் ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும். இடது கையால் பிடித்து விசையை அழுத்தினால் வண்டி நகரும். பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தை வலது கையால் திருப்பினால் வண்டி திரும்பும்.

"சார், மேடம் கையில இதைக் குடுங்களேன்," என்றாள் ஹெலன். "லெஃப்ட்ல திருப்பறப்ப மணிக்கட்டு பின்னாடி மடங்கணும் பாருங்க. மேடத்துக்கு வராத அசைவே அதுதான்."

என்னிடம் இரண்டு வண்டிகள் உண்டு. பழையதை மணிக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஹாலில் ஓட்டினாள். நாற்காலிக் காலில் முட்டினாள், டீப்பாயில் முட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கழித்து அவளும் சிரித்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

மதுக்கரைப் பக்கம் எங்கள் கிராலர் குழு கூடும் பாறைமேட்டுக்கு அவளையும் அழைத்துப் போனேன். மடக்கு நாற்காலி, குடை, ஃப்ளாஸ்க், மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டேன். குழுவை நடத்தும் ரியாஸ் பல் டாக்டர். என்னைவிடப் பத்து வயது இளையவர். "அண்ணா, அக்காவுக்கு நிழல்ல போடுங்க சேரை," என்று அவரே வந்து உதவினார். மற்றவர்களும் நான் மணியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்ததைப் பார்த்தார்கள்.

மணி ஓட்டிய வண்டி இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. சக்கரம் கல்லில் அழுந்தியிருக்கும்போது எவ்வளவு திருப்பினாலும் திரும்பவில்லை. பழைய வண்டியில் ஸ்டியரிங் லிங்க் பிளாஸ்டிக் என்று அவளுக்குச் சொன்னேன். சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாருக்கு சர்வோ என்று பெயர். அதிலிருந்து சக்கரத்துக்கு ஒரு கம்பி, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரத்துக்கு ஒரு கம்பி. இந்த இரண்டும்தான் லிங்க்.

"மோட்டார் திரும்புது. சக்கரம்... திரும்பல. நடுவுல இருக்கற கம்பி வளையுது. அவ்வளவுதானுங்களே?" என்றாள்.

அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவள். எதையும் ஒரு வரியில் போட்டு முடித்துவிடுவாள். எனக்கு இது புரிய ஒரு சீசன் ஆனது. அதை நான் சொல்லவில்லை.

அக்டோபர் 26, சனி

நாள் முழுக்க மணியின் வண்டியில் வேலை. பிளாஸ்டிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு எஃகுக் கம்பிகள் போட்டேன். இரண்டு முனையிலும் புதிய உருண்டை மூட்டு. சர்வோவும் புதிது, பழையதைவிட இரண்டு மடங்கு இழுவை. சர்வோவின் தலையில் மாட்டும் கைக்கு ஹார்ன் என்று பெயர், அதை அலுமினியத்தில் போட்டேன். ரிமோட்டைப் போட்டு சர்வோவை நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஹார்னை மாட்ட வேண்டும். சர்வோவின் அச்சில் உள்ள பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் திரும்பும். பலர் இங்கேதான் சொதப்புவார்கள். நான் சொதப்பவில்லை.

சக்கரங்களை இணைக்கும் கம்பியைத் திருகித் திருகி, இரண்டும் ஒரு நூல் அளவு உள்நோக்கிப் பார்க்கும்படி வைத்தேன். திருகுகள் தளராமலிருக்க நீலப் பசை. இடமும் வலமும் சமமாகத் திரும்பியது.

மணி பக்கத்தில் உட்கார்ந்து திருகுகளைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள், வலது கையால். மூன்று கீழே விழுந்தன. நான் பொறுக்கிக்கொடுத்தேன். நல்ல நாள்.

நவம்பர் 10, ஞாயிறு

பாறைமேட்டின் வடக்கு ஓரத்தில் ஆமை முதுகு மாதிரி ஒரு பாறை இருக்கிறது. ஏறும்போது நடுவில் இடப்பக்கம் சட்டென்று ஒடித்துத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் உருண்டுவிடும். நான் அதில் ஏறியதில்லை. ரியாஸ் ஏறியிருக்கிறார்.

இன்று மணி ஏறினாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். ரியாஸ் என் தோளில் தட்டி, இனிமேல் நீங்க அக்காகிட்டத்தான் கத்துக்கணும் என்றார். நானும் சிரித்தேன்.

வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். வார்த்தைக்கு நிற்கவேயில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை போன் செய்தாராம், நான் கடைக்குப் போயிருந்தபோது. ஜனவரி கடைசிவரை அவள் இடத்தை வைத்திருக்கிறார்களாம்.

"பொங்கல் கழிச்சு இவங்க போட்டி வைக்கறாங்கள்ல. அதுல ஒழுங்கா ஓட்டிட்டேன்னா நான் பள்ளிக்கூடம் போயிருவேனுங்க. இந்தக் கை வீலைத் திருப்புச்சுன்னா சாக்பீஸையும் பிடிக்கும்."

அவசரப்படாதே என்றேன். சாயங்காலம் அவளே தலை பின்னிக்கொண்டாள். பின்னல் கோணல். சொன்னேன். பரவாயில்லை என்றாள்.

நவம்பர் 13, புதன்

நான் வேலையை விட்டது அவளுக்காக என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். பம்புசெட் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் விற்பனைப் பிரிவு. என்னிடம் பயிற்சிக்கு வந்தவனுக்கு மேனேஜர் நாற்காலியைக் கொடுத்தது ஜனவரியில். மணி விழுந்தது பிப்ரவரியில். மார்ச்சில் ராஜினாமா எழுதும்போது 'மனைவியின் உடல்நிலை' என்று காரணம் எழுதினேன். அது பொய்யில்லை.

மத்தியானம் அவள் தூங்கும்போது அவளுடைய வண்டியை எடுத்துச் சுத்தம் செய்தேன். ஞாயிறன்று சர்வோ கொஞ்சம் சூடாக இருந்த ஞாபகம். ரிமோட்டின் சின்னத் திரையில், சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்று இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனியே எல்லை வைக்கலாம். இடது எல்லையை நூறிலிருந்து எழுபதாகக் குறைத்தேன். வலதை அப்படியே விட்டேன். சர்வோவின் ஆயுளுக்கு நல்லது. மணியிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் சொன்னால் குழம்பிப்போவாள்.

நவம்பர் 17, ஞாயிறு

ஆமைப் பாறையில் மணி இரண்டு தடவை உருண்டாள். மூன்றாவது தடவை நானே போதும் என்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மறுபடியும் அதே. இடப்பக்கம் வரும்போது ரிமோட்டின் சக்கரத்தை முட்டும்வரை திருப்புகிறாள். விரல் முட்டி வெளுத்துப்போகிறது. உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். வண்டி வளையாமல் நேராகப் போய்ச் சரிகிறது.

"வண்டில... ஏதாவது..." என்றாள்.

"கோளாறா? வண்டில ஒண்ணுமில்ல மணி," என்றேன். ரிமோட்டை வாங்கி அதே பாறையை ஏறிக் காட்டினேன். வலப்பக்கமிருந்து அகலமாக எடுத்து, நடுவில் நிறுத்தி, ஒருமுறை பின்னால் வந்து, பிறகு ஏற்றினேன். வண்டியின் குணம் தெரிந்தவனுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. நான் ஆமைப் பாறையில் ஏறியது இதுதான் முதல் தடவை.

மணி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 30, சனி

ஹெலன் அளந்து பார்த்துவிட்டு மணிக்கட்டு போன மாதத்தைவிட நன்றாக மடங்குகிறது என்றாள். அப்படியென்றால் ஏன் வண்டி திரும்பவில்லை என்று மணி கேட்டாள். ஹெலனுக்கு அதில் என்ன தெரியும்? இங்கே மேஜையில் மடங்குவது வேறு, வெயிலில் நாலு பேர் முன்னால் மடங்குவது வேறு என்று நான் சொன்னேன். ஹெலன் தலையசைத்தாள்.

ரசம் கொஞ்சம் புளிப்பு. தக்காளி சரியில்லை.

டிசம்பர் 12, வியாழன்

மணி தினமும் ஹாலில் பயிற்சி செய்கிறாள். காலை, மாலை இரண்டு வேளையும். செருப்புகளை வரிசையாக வைத்து அவற்றுக்கு நடுவில் வளைத்து வளைத்து ஓட்டுகிறாள். இடது எல்லை குறைந்திருப்பதற்கு ஏற்ற மாதிரி, சீக்கிரமே திருப்ப ஆரம்பிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். அவளுக்கே தெரியாமல்.

கோவிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். இல்லீங்க, இதை முடிச்சுக்கறேன் என்றாள்.

டிசம்பர் 14, சனி

லிங்கைச் சரிபார்த்தேன். ஹார்னைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினேன். அப்படி மாட்டினால் சக்கரம் கோணலாக நிற்கும், அதனால் கம்பியின் நீளத்தைக் கூட்டி நேராக்கினேன். நேரே ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு மூட்டின் திருகைப் பசையில்லாமல் கொஞ்சம் தளர்வாக விட்டேன். பாறையில் மோதும்போது கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் உடையாது என்று சிலர் சொல்கிறார்கள். இடது எல்லை இப்போது ஐம்பது.

அவள் தூங்கி எழுவதற்குள் முடித்துவிட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

செருப்பு வரிசையிலேயே முட்டினாள். சாப்பிடும்போது ஸ்பூன் கையிலிருந்து நழுவியது. இரண்டு மாதமாக நழுவாத ஸ்பூன். நான் ஊட்டிவிட்டேன். வாயைத் திறந்தாள்.

ஜனவரி 5, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து மணியின் தங்கை போன் செய்தாள். மணி தூங்குகிறாள் என்றேன். பக்கத்து அறையில் அவள் வண்டி ஓட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான்.

எதிர்த்த வீட்டம்மாள் மாடியில் துணி காயப்போடும்போது, இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்குங்க கிடைப்பாங்க என்றார். இதையெல்லாம் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

போட்டி நாள். மணிக்கு மாம்பழ மஞ்சள் நிறத்தில் ஒரு புடவை. கொசுவம் நான் வைத்துவிட்டேன்.

பாறைமேல் ஜோடி ஜோடியாகச் சின்னக் கொடிகள் நட்டிருந்தார்கள். கொடியைத் தொடாமல் ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் வண்டி போக வேண்டும். முதல் பாதியில் வலப்பக்க வளைவுகள்தான். மணி நன்றாக ஓட்டினாள். ஒரு கொடியைக்கூடத் தொடவில்லை. கூட்டம் அவள் பின்னாலேயே நகர்ந்தது. ரியாஸ் தன் முறையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்.

கடைசி ஜோடி ஆமைப் பாறைமேல். நடுவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

வண்டி திரும்பவில்லை. அவள் பின்னால் எடுத்து மறுபடியும் முயன்றாள். சக்கரத்தை முட்டும்வரை திருப்பி, தோளையே சாய்த்து, உடம்பையே இடப்பக்கம் வளைத்தாள். வண்டி கொடியைச் சாய்த்துக்கொண்டு உருண்டது. நிமிர்த்தி வைத்தார்கள். மறுபடியும் உருண்டது. மணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் துடைக்க இடது கை சும்மா இல்லை, வலது கை எழவில்லை.

நான் போய் அவள் கையிலிருந்து ரிமோட்டை மெதுவாக வாங்கினேன். "விடு மணி, நான் பாத்துக்கறேன்," என்றேன். வலப்பக்கமிருந்து அகலமாக எடுத்து, நிறுத்தி, பின்னால் வந்து, ஏற்றினேன். கொடியைத் தொடாமல் கடந்தது. சிலர் கைதட்டினார்கள்.

ரியாஸ் தட்டவில்லை. "அக்காவே முடிச்சிருப்பாங்கண்ணா. விட்டிருக்கலாம்," என்றார்.

அவர் சின்னவர். ஒரு பெண்பிள்ளை நாலு பேர் முன்னால் அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியலாம். என்னால் முடியாது.

ஜனவரி 22, புதன்

பள்ளிக்கு மணி சொல்லச் சொல்ல ராஜினாமாக் கடிதம் நான் எழுதினேன். இடது கையால் கையெழுத்துப் போட்டாள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியை மிகவும் வருத்தப்பட்டார், ஒரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள் என்றார். யோசித்துத்தான் எழுதினாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும்போது பிஞ்சுக் கத்தரிக்காய் கிடைத்தது. எண்ணெயில் வதக்கினேன். அவளுக்குப் பிடிக்கும். இரண்டு வாய் வாங்கினாள்.

பிப்ரவரி 3, திங்கள்

ஹெலனை இனி வர வேண்டாம் என்று போனில் சொன்னேன். மணிக்கு இஷ்டமில்லை என்றேன். மணி இஷ்டமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேண்டும் என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீடு அமைதியாக இருக்கிறது. குளிப்பாட்டுகிறேன், உடுத்திவிடுகிறேன், ஊட்டுகிறேன். பேச்சும் குறைந்துவிட்டது. வலது கையை மடியில் போட்டு, மேலே முந்தானையால் மூடி வைத்துக்கொள்கிறாள். விரல்கள் உள்ளே மடங்கியே இருக்கின்றன. நகம் வெட்டும்போது ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. வலிக்குதா என்றேன். தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

மணி விழுந்து இன்றோடு ஒரு வருஷம். பால் பாயசம் வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அழைப்புமணி அடித்தது. ரியாஸ். நான் கூப்பிடவில்லை. மணியே போன் செய்திருக்கிறாள், தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாகச் சேர்கிற யாருக்காவது கொடுங்கள் என்று. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வண்டியை ஒருமுறை பார்த்து வைத்திருப்பேன்.

நான் துடைத்துத் தருகிறேன், சாயங்காலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பரவாயில்லீங்ணா, சும்மா ஒரு ரவுண்டு பாத்துக்கறேன் என்று வாசலிலேயே இறக்கி ஓட்டினார். மணி கதவோரம் நாற்காலியில் இருந்தாள். வண்டி பூந்தொட்டியை வலமாகச் சுற்றியது. பிறகு இடமாகச் சுற்ற முயன்றது. போய்ச் சுவரில் முட்டியது.

ரியாஸ் மறுபடியும் செய்து பார்த்தார். ரிமோட்டின் திரையைத் தட்டினார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வண்டியைக் கவிழ்த்து, ஹார்னைக் கழற்றிப் பார்த்தார். பிறகு மூட்டைப் பிடித்து ஆட்டினார். பல்லைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். ரொம்ப நேரம் தலை நிமிரவில்லை.

"லெஃப்ட் அம்பதுலதான் இருக்குது. ஹார்ன் ஒரு பல்லு தள்ளி இருக்குது. இதுல யாரு ஓட்டுனாலும் லெஃப்ட் வராதுங்ணா," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மணியைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, நான் ஓட்டுனாலும் வராது."

ஓடி ஓடி ஹார்ன் வழுக்கியிருக்கும் என்றேன்.

"அலுமினியம்ங்ணா இது. வழுக்காது. அப்படியே வழுக்குனாலும், கம்பியோட நீளம் தானா மாறி வண்டி நேரா நிக்காது. நம்பரும் தானா மாறாது."

ஹார்னைச் சரியாக மாட்டினார். கம்பியைத் திருகினார். திருகை இறுக்கினார். எல்லையை நூறாக்கினார். நான் வைத்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு ரிமோட்டை மணியின் மடியில் வைத்தார்.

முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுக்க அவளுக்கு நேரமானது. விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து ரிமோட்டின் சக்கரத்தின்மேல் வைத்தாள். மணிக்கட்டு கொஞ்சம்தான் மடங்கியது. அந்தக் கொஞ்சத்துக்கே வண்டி இடப்பக்கம் திரும்பியது. தொட்டியைப் பாதி சுற்றி நின்றது. அதற்குமேல் அவளால் முடியவில்லை.

ரியாஸ் காபி குடிக்காமல் போய்விட்டார். வண்டியையும் எடுத்துப் போகவில்லை.

"எப்ப இருந்துங்க?" என்று கேட்டாள் மணி.

எனக்கு அடுப்பில் வேலை இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

ஹெலனையும் அவளே கூப்பிட்டிருக்கிறாள். ஹெலன் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "நவம்பர்ல இருந்த கை இல்ல சார் இது. தசை இறுகிப்போச்சு. அப்பவே விடாம செஞ்சிருந்தா முக்காவாசி வந்திருக்கும். இனிமே எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது."

நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

மணி ஆட்டோ பிடித்துத் தனியாகப் பள்ளிக்கூடம் போய்வந்தாள். அவள் இடத்துக்கு பிப்ரவரியிலேயே ஆள் போட்டுவிட்டார்களாம். ஈரோட்டுப் பெண். வகுப்பு நடந்துகொண்டிருந்ததாம், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தாளாம். இதை என்னிடம் சொல்லவில்லை. தங்கையிடம் போனில் சொல்லும்போது கேட்டது.

மார்ச் 16, ஞாயிறு

குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்கியிருக்கிறார்கள். காரணம் போடவில்லை.

மார்ச் 20, வியாழன்

சாப்பிடும்போது என்னை எதிரில் உட்காரச் சொன்னாள். அவள் தட்டில் தானே போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால். மேஜையெல்லாம் சோறு. துடைக்கப் போனேன். வேண்டாம் என்றாள்.

வண்டி விஷயத்தை விளக்கினேன். சர்வோ சூடானது, அதன் ஆயுள், பாறையில் உடையாமலிருக்க விட்ட ஆட்டம், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் பேச ஆரம்பித்தாள்.

"நான் மாடி பாத்ரூம்ல விழுந்தப்ப... என்னைத் தூக்குனது நீங்கதான். தூக்கிட்டு மாடிப்படி இறங்கி ஓடுனீங்க. செருப்புக்கூடப் போடாம. அதை நான் மறக்கலீங்க." நின்றாள். மூச்சு வாங்கினாள். "ஆனா நான் எந்திரிச்சு நிக்கறது... எந்திரிச்சு நிக்கறது உங்களுக்கு..."

வார்த்தை வரவில்லை. உதடு அசைந்துகொண்டேயிருந்தது.

"பிடிக்கல," என்றேன்.

மணி என்னைப் பார்த்தாள்.

"நான் வேற சொல்ல வந்தேனுங்க," என்றாள். "பயமா இருந்துச்சான்னு கேக்க வந்தேன்."

பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தாள். தட்டை அவளே எடுத்துப் போய்க் கழுவினாள். தட்டு ஒருமுறை விழுந்தது.

அவளுக்கு வார்த்தை வரவில்லை என்பதால்தான் எடுத்துக்கொடுத்தேன். வேறெதற்கும் இல்லை. ஒரு வருஷமாகச் செய்வதுதானே.

மார்ச் 23, ஞாயிறு

முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிறாள். தனியாக இருக்கும்போது விழுந்தால் யார் கதவை உடைப்பது என்று கேட்டேன். விழுந்தா விழுந்துட்டுப் போறேன் என்றாள்.

மார்ச் 27, வியாழன்

என் வண்டியை எடுத்து வைத்து லிங்க் எல்லாம் கழற்றி மாட்டினேன். இரண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசமில்லை. ஓட்ட எங்கே போவது?

ஏப்ரல் 4, வெள்ளி

ஹெலன் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. மணியே டவுன் பஸ் ஏறி அவளுடைய சென்டருக்குப் போகிறாள். தங்கை வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாளாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், இங்கேயே பஸ் ஏறிப் பழகிக்கொள்கிறேன் என்று மணி சொன்னாளாம். நானும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

காலையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உடுத்தினாள். புடவையை விட்டுவிட்டுச் சுடிதாருக்கு மாறியிருக்கிறாள். கதவுக்கு வெளியே நின்றேன். கட்டில் கிறீச்சிட்டது. ஏதோ விழுந்தது. முனகல் கேட்டது. கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, போகவில்லை. ரொம்ப நேரம் நின்றேன்.

கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்வை. என்னைத் தாண்டிப் போய்ப் பையை இடது தோளில் மாட்டினாள்.

சுடிதாரின் முன்பக்கப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள். மார்புக்கு நேரே துணி விலகி உள்ளே தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் எல்லோரும் பார்ப்பார்கள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாராவது பார்த்து முகம் சுளித்தால்தான் வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்பது அவளுக்குப் புரியும்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி தேய்க்கும் பெண் அவளை நிறுத்தினாள். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வந்து, தெருவுக்கு முதுகைக் காட்டி அவளை மறைத்து நின்றுகொண்டு, பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மணி ஏதோ சொன்னாள். அந்தப் பெண் அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.